தேசமும் காலமும்: இல்லக் கணினிக்கு உகந்த வீடியோப் பதிவளவு குறித்து ஒரு விசாரணை

ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள ஆலங்காயத்தைச் சுற்றிய சிற்றூர்களில், தை பிறந்தது முதல் நடைபெறும் எருது விடும் விழாக்களைப் பற்றி மானிடவியல் வல்லுநர்களும், அவற்றுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையையும் 2017-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தையும் பற்றிச் சட்ட வல்லுநர்களும் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். ஆயினும், அவ்விழாவைத் தடுப்புக் கட்டைமேல் தொங்கிக்கொண்டு செல்போனில் பிடித்து வந்து, வீட்டுக் கணினியில் போட்டுப் பார்க்க முற்படும் கிருகஸ்தனுக்கு நேரும் துர்க்கதியைப் பற்றி இதுகாறும் ஒரு சிறு நூலேனும் இயற்றப்படவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்விசாரணையின் பிரயோஜனம்.

முதற்கண் லட்சணம் கூற வேண்டும். மகன் காலேஜில் சேர்ந்த வருஷத்தில் வாங்கப்பட்டதும், அவன் உத்தியோகத்துக்குப் போய்ப் புதியது வாங்கிக்கொண்டதனால் தகப்பனாருக்கு வந்து சேர்ந்ததும், 4 ஜிபி ராமும், உயிருள்ளவரை சுழன்றே தீருவேன் என்று முனகும் ஹார்ட் டிஸ்கும், 1366-க்கு 768 புள்ளி கொண்ட திரையும் உடையதும், பூ வேலை செய்த துணியுறையால் மூடப்பட்டதும் எதுவோ, அதுவே இல்லக் கணினி. உறை இல்லாதது அலுவலகக் கணினி. அது நம் ஆராய்ச்சிக்குப் புறம்பு.

பதிவளவு விஷயத்தில் இவ்வட்டாரத்தில் இரண்டு மதங்கள் வழங்குகின்றன. அவற்றுள் உச்சவாதம் இளைஞர்களால் அனுஷ்டிக்கப்படுவது. செல்போனில் எது ஆக உயர்ந்த அளவோ அதையே வைக்க வேண்டும், அதாவது ஃபோர்கே, விநாடிக்கு 60 ஃபிரேம் என்றே வைக்க வேண்டும், தேவைப்பட்டால் பிற்பாடு குறைத்துக்கொள்ளலாம், இல்லாததைப் பிற்பாடு கூட்ட முடியாது என்பது அவர்கள் பூர்வபட்சம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஃபோர்கே என்பது 3840-க்கு 2160, ஆகச் சுமார் 83 லட்சம் புள்ளிகள். மேற்சொன்ன திரையிலோ பத்தரை லட்சம் புள்ளிகளுக்குத்தான் இடம். எட்டில் ஏழு பங்கைத் தள்ளிவிட்டுத்தான் எருது திரைக்கு வர முடியும். தள்ளுவதும் சும்மா நடந்துவிடுவதன்று. தள்ளுவதற்கு முன்னால் அத்தனையையும் பிரித்தாக வேண்டும்.

இங்கே சற்று நின்று, வீடியோ எவ்வாறு மடிக்கப்படுகிறது என்பதைக் கவனிப்பது உசிதம். ஒவ்வொரு ஃபிரேமும் முழுப்படமாகச் சேமிக்கப்படுவதில்லை. அவ்வப்போது ஒரு முழுப்படம், அதன்பின் மாறியது எது, எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்புகள் மட்டும் என்பதே ஏற்பாடு. ஆகையால் நடுவிலுள்ள ஒரு ஃபிரேமைக் காட்டச் சொன்னால், கணினி முந்திய முழுப்படத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து குறிப்புகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். 2003-இல் வந்த எச்.264 என்னும் முறையிலும் இதுதான் கதை; 2013-இல் வந்த எச்.265, ஏறத்தாழப் பாதி இடத்தில் அதே தரத்தைத் தருவதாகச் சொல்லி, மடிப்புகளை மேலும் சிக்கலாக்கிற்று. 2015-இல் வெளிவந்த இன்டெல் ஆறாம் தலைமுறைச் சிப்புகள் முதற்கொண்டு இம்மடிப்பைப் பிரிப்பதற்கென்றே தனி உறுப்பு உண்டு. அதற்கு முற்பட்ட கணினிகளில் அப்பாரம் பெரும்பாலும் பொதுச் சிப்பின் தலையில் விழுகிறது.

விளைவைப் பிரத்தியட்சமாகவே காணலாம். எருது வாடிவாசலை விட்டு முன்னங்கால் இரண்டையும் தூக்குகிறது, தூக்கியபடியே நிற்கிறது. ஒலி மட்டும் தடையின்றிச் செல்லுகிறது: கூட்டம் கூவுகிறது, மைக்கில் ஓடிய நேரம் அறிவிக்கப்படுகிறது, அடுத்த மாட்டின் பெயர்கூட அழைக்கப்பட்டுவிடுகிறது. கணினியின் விசிறி மாவரைக்கும் மில்லைப்போல இரைகிறது. பக்கத்தில் அமர்ந்த மைத்துனர், "மாமா, இது வீடியோவா, போட்டோவா?" என்று வினவுகிறார். கிருகஸ்தர், "இருங்க மாப்ள, லோடாவுது" என்கிறார். உச்சவாதம் கண்டிக்கப்பட்டது.

மற்றது லகுவாதம்: வாட்ஸ்அப்பில் வந்ததே போதும் என்பது. அதில் எருதும், எருதின் சொந்தக்காரரும், வைக்கோற்போரும் ஒரே நிறச் சதுரங்களாகத் தோற்றமளிப்பதால், இதற்கு மறுப்பு எழுதுவது காகித விரயம்.

இனிச் சித்தாந்தம். பதிவு என்பது தேசம், காலம் என்ற இரண்டினுள் அடங்குவது. ஒரு ஃபிரேமில் எத்தனை புள்ளி என்பது தேசம். ஒரு விநாடியில் எத்தனை ஃபிரேம் என்பது காலம். இல்லக் கணினியின் ஜீரண சக்தி பரிமிதமானது. இரண்டையும் ஒருங்கே ஊட்ட இயலாது. ஆகவே, பிடிக்கப்படும் பொருள் எதை அவாவுகிறது என்று ஆராய வேண்டும். எருது விடும் விழாவில் பரிசு அழகுக்கன்று, குறைந்த நேரத்தில் எல்லையைத் தொடுவதற்கே. விநாடிக்கு 12 மீட்டர் ஓடும் எருது ஒன்றைக் கற்பித்துக்கொண்டால், 30 ஃபிரேமில் அது ஃபிரேமுக்கு ஃபிரேம் 40 சென்டிமீட்டர் தாவும். 60-இல் 20 சென்டிமீட்டர்தான். மூக்கு கோட்டைத் தொட்ட கணத்தைப் பற்றிச் சச்சரவு எழும்போது, மூக்கின்மேல் உள்ள மயிரை எண்ணிக் காட்டும் ஃபோர்கே எந்த விதத்திலும் சாட்சியாகாது.

இதற்குப் பிரமாணம் வேண்டுவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர்ச் சாலையில் மேலேறினால் காவலூர் வானோக்கு நிலையம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியபோது, ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியால் அந்நட்சத்திரத்தின் ஒளியளவை இடையறாது பதிந்துவந்தார்கள். கிரகம் மறைக்காத வேளையிலும் ஒளி சில விநாடி மங்கிற்று. துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டது என்று முதலில் கருதப்பட்ட அம்மங்கல், பிற்பாடு யுரேனஸின் வளையம் என்று தெளிவாயிற்று. வளையத்தின் படம் அங்கே யாருக்கும் கிடைக்கவில்லை. காலத்தை மட்டும் ஒழுங்காகக் கவனித்தார்கள். மலைமேல் வளையத்துக்குப் பொருந்திய நியாயம் மலையடியில் மூக்கணாங்கயிற்றுக்குப் பொருந்தாது என்பதற்கு ஹேது ஏதுமில்லை.

ஆகவே பகலில், எருதுக்கு: 1920-க்கு 1080, விநாடிக்கு 60 ஃபிரேம், எச்.264. கல்யாண மண்டபத்தில் பந்துக்கள் அசையாது நின்று பல் தெரியச் சிரிக்கும் கோலத்துக்கு 30 ஃபிரேமே அதிகம். அங்கே வேறொரு உபாதி உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த குழல் விளக்கு விநாடிக்கு நூறு முறை ஒளிர்ந்து மங்குகிறது. 60 ஹெர்ட்ஸ் நாடுகளின் சம்பிரதாயத்தை ஒட்டிய 30-உம் 60-உம் இதனோடு ஒத்துப்போவதில்லையாதலால், மணமகள் முகத்தில் கரும்பட்டைகள் ஊர்ந்து செல்லும். ஷட்டரை நூறில் ஒரு விநாடிக்கு மாற்றினால் பட்டைகள் நீங்கும். மாமியார் மனத்தில் எழுந்த ஐயம் நீங்குமா என்பது வேறு சாஸ்திரம்.

எஞ்சியிருப்பது பென்டிரைவ் பிரகரணம். எருதின் சொந்தக்காரர் தம் வீட்டு டி.வி.யில் பார்க்க, பென்டிரைவில் பிரதி கேட்பது திண்ணம். எஃப்.ஏ.டி.32 முறையில் அமைந்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. ஐபோனின் அமைப்புப் பக்கம் தரும் கணக்கின்படி, எச்.265-இல் ஃபோர்கே 60 ஃபிரேம் நிமிஷத்துக்கு 400 எம்பி. பத்து நிமிஷத்தில் எல்லை வந்துவிடும். 1080-இல் அதே 60 ஃபிரேம் 90 எம்பிதான்; எச்.264 அதைப்போல் ஏறக்குறைய இரட்டிப்பு என்று கொண்டாலும், இருபது நிமிஷத்துக்கு மேல் தாங்கும். ஓர் எருதின் ஓட்டம் சில விநாடி. பரிசளிப்பில் தலைமை தாங்குபவரின் உரை மட்டுமே இருபது நிமிஷத்தைக் கடக்க வல்லது. அவ்வமயம் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட வேண்டும் என்பதில் உச்சவாதிகளுக்கும் லகுவாதிகளுக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.