கடற்பாலமும் கைப்பேசிப் புதிரும்: ஒரு நுண்ணாய்வு

வலைப்பின்னல் புதிர் எனப்படுவது, திரையில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளைத் தொலைத்தொடர்புக் கோபுரங்களாகப் பாவித்து, அவற்றைக் கோடுகளால் இணைத்துத் தகவலை உரிய இடத்தில் சேர்க்கும் கைப்பேசி விளையாட்டாகும். ஒரு கோடு மற்றொன்றை வெட்டலாகாது என்பது இவ்வகை ஆட்டங்கள் பலவற்றில் காணப்படும் விதி. இவ்வாட்டம் எங்கும் ஆடப்படினும், அதன் முழுப்பொருளும் விளங்குவது ஜோகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடைப்பட்ட கடற்பாலத்தில், நகராத பேருந்தினுள் மட்டுமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இவ்வாட்டத்தின் முன்னோடி, புதிர் ஆசிரியர் ஹென்றி டியூடெனி 1913இல் வெளியிட்ட பழம்புதிர் ஒன்றாகும். மூன்று வீடுகளுக்குத் தண்ணீர், எரிவாயு, மின்சாரம் ஆகிய மூன்றையும் கோடுகள் குறுக்கிடாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்னும் அப்புதிரைத் தட்டையான தாளில் தீர்க்கவே இயலாது. ஆனால் உளுந்து வடையின் மேற்பரப்பில் வரைந்தால், ஒரு கோட்டைத் துளைவழியே மறுபுறம் அனுப்பித் தீர்த்துவிடலாம் என்பது கணிதம் ஒப்பும் உண்மை. ஆகவே நகரின் மேம்பாலம் ஒவ்வொன்றும், கோட்பாட்டளவில், ஒரு வடைத்துளையே.

எனினும், துளைகளைப் பெருக்குவதால் மட்டும் நெரிசல் தீராது. ஒரு வலைப்பின்னலில் இரு முனைகளுக்கிடையே செல்லக்கூடிய மிகுதியான ஓட்டம், அவற்றைத் துண்டிக்கவல்ல வெட்டுகளுள் மிகக் குறுகியதன் கொள்ளளவுக்குச் சமம் என 1956இல் கணிதவியலாளர்கள் ஃபோர்டும் ஃபல்கர்சனும் நிறுவினர். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம், 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்பு ஆகிய இரு சாலைகளே ஜோகூரையும் சிங்கப்பூரையும் பிணைப்பதால், ஜோகூர் பாருவின் உட்சாலைகளை எவ்வளவு அகலப்படுத்தினாலும் வரிசை பாலத்தருகே வந்து நிற்கும். இத்தேற்றத்துக்கு 14 ஆண்டுகள் முன்பே, 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்து, வெட்டு என்பதன் பொருளைச் செய்முறையாகவே விளக்கிற்று. பிப்ரவரி 8 அன்று ஜப்பானியர் படகேறிக் கடந்தமை, கோடுகளை மட்டுமே நம்பும் கோட்பாட்டின் குறையைக் காட்டிற்று.

ஆடுவோர் மூவகையினர்: கோட்டை இழுத்தபின் யோசிப்பவர், யோசித்து முடிப்பதற்குள் இறங்குமிடம் வந்துவிடுபவர், தாம் ஆடாமல் பக்கத்து இருக்கையிலிருந்து “அண்ணே, அந்த மூலைல சுத்திக் கொண்டு போங்க” என அறிவுரைப்பவர். மூவரையும் ஒருசேரக் கலங்கச் செய்யும் நிகழ்வொன்று உண்டு. கைப்பேசி மலேசியக் கோபுரத்தைக் கைவிட்டுச் சிங்கப்பூர்க் கோபுரத்தைப் பற்றும் கணத்தில், அயல்நாட்டுச் சேவைக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி திரையின் மேல்விளிம்பிலிருந்து இறங்கி, பாதி இழுத்த கோட்டை மறைத்துவிடுகிறது. மெய்வலை பொய்வலைக்குள் தலையிடும் இதனை ‘இருவலை மயக்கம்’ எனப் பெயரிடுதல் தகும்.

இக்கலைக்கு நேரவுள்ள பேரிடர், புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கத் திட்டமிடப்பட்ட, சுமார் 4 கிலோமீட்டர் நீளமுள்ள விரைவு ரயில் தடமாகும். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர்வரை ஏற்றும் இத்தடத்தில், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் நிலையத்திலேயே முடிய, பயணமோ ஏறத்தாழ 5 நிமிடமே நீடிக்கும். வெட்டு அகல்வது பயணிகளுக்கு நன்மையே; ஆயினும் அவ்வளவு நேரத்தில் கடினமான கட்டம் ஒன்றைக்கூடக் கடக்க முடியாதாகையால், கட்டங்களைப் பாக்கி வைத்திருப்போர் வெள்ளிக்கிழமை மாலையில் பழைய கடற்பாலத்தையே நாடுமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.