தூண் பாறையும் ஐந்திணையும்: கம்பிவேலியோரத்து ஆய்வு

கரடுமுரடான மலையைப் படமெடுக்கப் போகிறவர்கள் உண்மையில் எதைப் படமெடுத்து வருகிறார்கள் என்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் ஆராயாமல் விட்டது பெருங்குறை. அதை நீக்க, கொடைக்கானல் தூண் பாறைக்கு எதிரே உள்ள கம்பிவேலி ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்டது. பாறைகள் மூன்று, தோளோடு தோள் உரச நிற்பவை, உயரம் ஏறத்தாழ 400 அடி. ஆய்வுக்கு உட்பட்டோர், வேனில் வந்திறங்கும் குடும்பத்தார்.

மலையோ குறிஞ்சித் திணை; குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம். நட்சத்திரப் பைத்தியம் பிடித்த முக்காலிக்காரர் சிலரைத் தவிர எவரும் இவ்விதியை மதிப்பதில்லை. மற்றவர்கள் பொங்கலை முடித்து, குழந்தையின் குல்லாவைத் தேடி, ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து சேரும்போது நண்பகல். நண்பகலோ பாலைக்கு உரியது. பாலையின் உரிப்பொருள் பிரிதல். எனவே தலைவன் கைபேசியை உயர்த்திய கணத்தில் மலை அவனைப் பிரிந்து மேகத்துள் மறைவது இலக்கணத்துக்கு முழுக்க உடன்பட்டதே.

இயற்பியலார் இதை மறுப்பர். வெயில் ஏற ஏறச் சமவெளியின் ஈரக்காற்று சூடாகிச் செங்குத்துச் சரிவைப் பற்றி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. விளிம்பில் நிற்பவர் மூக்கின்மேல் வந்து உட்காருகிறது. விடியலில் கீழே சூடு ஏறியிருக்காது. ஆகையால் மூன்று பாறையும் தெரிய வாய்ப்பு மிகுதி. அப்படியானால் குடும்பத்தை விடியலில் எழுப்பலாமே எனின், விடியல் மருதத்துக்கு உரியது; மருதமாவது ஊடல். ஐந்து மணிக்கு வெந்நீர் வராத விடுதி அறையில் இவ்விதியைச் சோதித்துப் பார்த்தவர்கள் சான்று பகர்வர்.

மேகம் மூடியபின் நிகழ்வது முல்லை, அதாவது இருத்தல். “இப்பத் தெளிஞ்சிரும் சார்” என்கிறார் வேன் ஓட்டுநர். பல ஆண்டுகளாக அதே சொல், அதே உறுதி. வேகவைத்த சோளம் மிளகாய்ப்பொடியோடு ஒரு சுற்று வருகிறது. “அப்பவே எடுங்கன்னேன், கேட்டீங்களா?” என்ற குரல் எழும்போது திணைமயக்கம் தொடங்கிவிட்டதாகக் கொள்க.

ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு இனித்தான். மேகம் சற்றே விலகி, நடுப்பாறையின் ஈரமான கருமுகமும் இடுக்கில் தொற்றிய புல்லும் வெளிப்பட்ட அந்த அரை நிமிடத்தில், வேலியோரம் நின்ற அத்தனை பேரும் மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினர். பார்க்க வந்ததைப் பாராமல், அதோடு தாங்கள் இருப்பதைப் பார்த்தனர். கைபேசியின் அகலக்கோண லென்ஸ் அருகில் உள்ளதைப் பெரிதாக்கித் தொலைவில் உள்ளதைச் சுருக்கும். ஆகவே 400 அடிப் பாறை தாய்மாமன் காதோரம் சுண்டுவிரல் அளவில் நிற்கிறது. தள்ளி நின்று தொலைநோக்கு லென்ஸில் எடுத்தால் பாறை வளரும். மாமனுக்கு அதில் ஒப்புதல் இல்லை.

மலையைப் படமெடுத்த முன்னோர் நெறி வேறு. சாமுவேல் போர்ன் 1866இல் இமயத்தின் மணிரங் கணவாயில், 18,000 அடிக்கு மேல், ஈரத் தகட்டில் படமெடுத்தார். தகடு காயுமுன் கூடாரத்துக்குள் கழுவியாக வேண்டும். ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரல் 10 அன்று யோசமிட்டியில் ஹாஃப் டோம் குன்றின் எதிரே நின்றபோது மிச்சம் இருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். மஞ்சள் வடிகட்டி போட்டு ஒன்றை எடுத்தார், மனம் ஒப்பவில்லை. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு வடிகட்டியை மாட்டினார். சிவப்பு வடிகட்டி நீல ஒளியைத் தடுத்துவிடுவதால் நீலவானம் படத்தில் ஏறக்குறையக் கருத்தது. பாறை முகம் அதிலிருந்து பிதுங்கி நின்றது. வருங்கால மனைவியும் நண்பர்களும் உடன் ஏறியிருந்தனர். அவர்களுள் ஒருவரையும் பாறைக்கு முன்னால் நிறுத்தாதது குடும்ப ஒழுக்கத்துக்கு இழுக்கு என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

தூண் பாறை ஆய்வில் கிடைத்த படங்களுள் பெரும்பாலானவை தூய வெண்மை. அவற்றுள் ஒன்று ‘பில்லர் ராக்ஸ்’ என்ற தலைப்புடன் ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏற்றப்பட்டது. நாலாம் நிமிடத்தில் சித்தி ஒருவர் “செம வியூ” என்று எழுதினார். அவர் எதைக் கண்டார் என்பது மேலாய்வுக்கு உரியது.