பையன் எப்படி?

எங்கள் ஆபீஸ் ஃபேன்டசி ஃபுட்பால் லீக்கில் 12 பேர். சேர்ந்த நாளிலிருந்து 12-ஆவது இடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வருபவன் அடியேன்.

தெரியாதவர்களுக்காக: இது அமெரிக்க ஃபுட்பால். சீசன் தொடங்குமுன் நிஜ ஆட்டக்காரர்களை முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்து, ஆளுக்கொரு கற்பனை டீம் கட்டுவோம். அதற்குப் பெயர் டிராஃப்ட். நாம் எடுத்தவர் மைதானத்தில் ஓடிப்போய் டச்டவுன் போட்டால் நமக்கு 6 பாயின்ட். ஓடுவது அவர், சோபாவில் உட்காருவது நாம். அதில்கூட நான் தோற்கிறேன்.

முதல் வருஷம் திறமையை மட்டும் பார்த்தேன். உயரம், வேகம், 40 கஜ ஓட்டத்துக்கு எத்தனை வினாடி என்று பொறுக்கி எடுத்தேன். மூன்றாவது வாரத்துக்குள் ஒருத்தருக்குக் கோச்சோடு தகராறு, இன்னொருத்தருக்கு சஸ்பென்ஷன். என் டீம் காகிதத்தில் மட்டும் அட்டகாசமாக இருந்தது.

திறமை போதாது, குணம் வேண்டும் என்று ஞானம் வந்தது. ராத்திரி 2 மணிக்கு, நிஜ டீம்கள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுத்த 1998 டிராஃப்ட் கதையைப் படித்தேன். முதல் இடத்துக்கு பேட்டன் மானிங்கா, ரையன் லீஃபா என்று நாடே அடித்துக்கொண்ட வருஷம். இண்டியானாபொலிஸ் மானிங்கை எடுத்தது. அடுத்து சான் டியேகோ லீஃபை எடுத்தது. லீஃப் முதல் சீசனிலேயே கேமரா முன்னால் ஒரு நிருபரிடம் கத்தி, 2002-இல் ஆட்டத்தையே விட்டுப் போனார். மானிங் 5 முறை நிஜ லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். ‘பார்த்தியா, குணம்தான்!’ என்று லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கினேன்.

அடுத்த டிராஃப்டுக்கு மாப்பிள்ளை விசாரிப்பது மாதிரி விசாரித்தேன். பையன் எப்படி, குடி உண்டா, பேட்டியில் அம்மாவைப் பற்றிச் சொல்கிறானா, ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தைகளைப் பார்க்கிறானா? தங்கமான பையன்களாகச் சேர்த்தேன். எதிராளி விழுந்தால் கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். பந்தைத்தான் பிடிக்க மாட்டார்கள்.

சீசன் முடிந்தபிறகு அதே பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். கொஞ்சம் கீழே ராண்டி மாஸ் இருந்தார். அதே 1998. ‘பையன் சரியில்லை’ என்று டீம்கள் தயங்கித் தயங்கி, 21-ஆவது ஆளாக மினசோட்டா எடுத்தது. அந்த சீசனிலேயே 17 டச்டவுன் கேட்ச். தன்னை வேண்டாமென்று தாண்டிப்போன டாலஸுக்கு எதிராக, நன்றி நவிலும் நாளன்று மூன்றே கேட்ச், மூன்றும் டச்டவுன். நான் பக்கத்தை முழுசாக ஸ்க்ரோல் செய்யவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வருஷம் எக்ஸெல் ஷீட் போட்டேன். திறமைக்கு 60 மார்க், குணத்துக்கு 40. நடுநிலை என்றால் நடுநிலை. ஆனால் டிராஃப்டில் ஒவ்வொரு முறைக்கும் 90 வினாடிதான். என் முறை வந்தபோது ஊரிலிருந்து அம்மா போன். “சாப்பிட்டியாப்பா?” பதில் சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்து, கம்ப்யூட்டரே ஒருத்தரை எடுத்துப் போட்டுவிட்டது.

என் ஷீட்டில் அவருக்குக் குணத்தில் 40-க்கு 11. சரிப்பட்டு வரமாட்டார் என்று பெஞ்சில் உட்காரவைத்தேன். வாராவாரம் பிய்த்து உதறினார். பெஞ்சில் இருப்பவர் எடுக்கும் பாயின்ட் கணக்கில் சேராது என்ற விதி அப்போதுதான் மனசில் நன்றாகப் பதிந்தது.

பக்கத்து சீட்காரர் மூன்று வருஷமும் கோப்பை வாங்கியவர். ரகசியம் கேட்டேன். “எனக்கு ஃபுட்பாலே தெரியாது, லிஸ்டில் மேலே இருக்கிற பெயரை எடுப்பேன்” என்றார். அந்த லிஸ்ட் எனக்கும்தான் வந்தது. நான் அதைவிட அறிவாளி.

இப்போது டிசம்பர். கம்பெனி அப்ரைசல் ஃபார்ம் வந்திருக்கிறது. நமக்கு நாமே மார்க் போட இரண்டு கட்டம்: திறமை, நடத்தை. இரண்டு மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு 90 வினாடி கெடுவும் கிடையாதாம்.

அம்மா, இப்போது ஒரு போன் பண்ணக் கூடாதா?