வெயில், வேகம், ப்ளேஸ்டேஷன் 2

லேப்டாப்பில் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் போட்டு ப்ளேஸ்டேஷன் 2 கேம் ஆடுகிறேன். முதல் பத்து நிமிடம் பிரமாதம். அப்புறம் பாட்டு இழுக்கிறது, ரேஸ் கார் கட்டை வண்டியாகிவிடுகிறது. புது லேப்டாப் வாங்கிவிடட்டுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

வாங்காதீர்கள். பத்து நிமிடம் ஒழுங்காக ஓடியதல்லவா, தெம்பு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. குற்றவாளி சூடு. ப்ளேஸ்டேஷன் 2 பிராசஸரின் வேகம் 294 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் அதன் கட்டளைகளை எல்லாம் உங்கள் லேப்டாப் ஓயாமல் தன் மொழிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே 100 டிகிரியை நெருங்கியதும் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. பாலக்காட்டு ஏப்ரலில் வெளியே 40 டிகிரி அடித்தால், ஃபேன் உள்ளே இழுக்கும் காற்றே அனல்தான்.

ஃபேனில் அடைந்த தூசியைச் சுத்தம் செய்யுங்கள். சில வருடம் பழையது என்றால் தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். லேப்டாப்பின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். சார்ஜரைச் செருகிக்கொண்டே ஆடுங்கள். பேட்டரியில் பெரும்பாலான லேப்டாப்கள் வேகத்தை அடக்கும். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், விண்டோஸ் பவர் செட்டிங்ஸில் பிராசஸரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்குங்கள். பல லேப்டாப்களில் டர்போ நின்று சூடு நன்றாக இறங்கும். கொஞ்சம் குறைந்தாலும் நிலையான வேகம், ஏறி ஏறி விழும் வேகத்தைவிட மேல்.

நாங்கள் மூணாறு. எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே?
– வாசகி, மூணாறு

குறைவுதான். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று ஏறக்குறைய 15 சதவீதம் மெலிந்து, சூட்டைச் சற்றுக் குறைவாகவே வாரிச் செல்லும். ஆனாலும் கீழே இருப்பவர்களைவிட உங்கள் அறை அவ்வளவு குளிர்ச்சி, லாபம் உங்களுக்கே. கம்பளி உங்களுக்கு மட்டும் இருக்கட்டும். லேப்டாப்பை அதன் மேல் வைத்தால் அடிப்பக்கத் துவாரங்கள் அடைபட்டுவிடும்.

ரேமை 32 ஆக்கினால் பறக்குமா?
– வாசகர், மறையூர்

ப்ளேஸ்டேஷன் 2-இன் முதன்மை ரேமே 32தான். ஜிபி அல்ல, எம்பி! ஆனால் உங்களிடம் ஒரே ஒரு 8 ஜிபி ரேம் இருந்தால், அதேபோல் இன்னொன்றைச் சேருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் அது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் தரும்.

படம் பளிச்சென்று வர ரெசல்யூஷனை மூன்று மடங்கு வைத்தேன், கேம் நகரவில்லை.
– வாசகர், சித்தூர்

நீளத்தில் மூன்று, அகலத்தில் மூன்று. கிராபிக்ஸ் சிப் வரைய வேண்டிய புள்ளிகள் ஒன்பது மடங்கு ஆகிவிட்டன. முதலில் ‘நேட்டிவ்’ வையுங்கள். வேகம் 100 சதவீதம் நின்றால் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ரெண்டரரை வல்கனுக்கும் மாற்றிப் பாருங்கள்.

நொடிக்கு 50 பிரேம்தான் வருகிறது. 60 ஆக்குவது எப்படி?
– வாசகர், தேவிகுளம்

ஆக்க வேண்டாம். நம் நாட்டில் விற்ற டிஸ்க்குகள் ‘பால்’ (PAL) வகை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 50தான் முழு வேகம். பிரேமைப் பார்க்காதீர்கள், வேகச் சதவீதத்தைப் பாருங்கள்.

எமுலேட்டர் கேட்கும் பயாஸ் ஃபைல் எங்கே கிடைக்கும்?
– வாசகர், வண்டிப்பெரியார்

உங்கள் சொந்த ப்ளேஸ்டேஷன் 2-க்குள். அதிலிருந்து நீங்களே எடுப்பதுதான் முறை. ஆகவே பரணில் கிடக்கும் பழைய பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டிஸ்க்குகளையும், கீறல் விழுந்து படிக்க முடியாமல் போவதற்குள், இந்த வாரமே காப்பி எடுத்து வையுங்கள்.