ஒட்டடைக் கம்பும் இலவம்பஞ்சும்

1984 டிசம்பர் தேர்தலில் ஆண்டிபட்டித் தொகுதியில் நின்ற எம்.ஜி.ஆர். ஓட்டுக் கேட்டு வரவே இல்லை. அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்தார். ஆனாலும் ஜெயித்தார். அவருக்காக ஊர் ஊராகச் சுவர்கள் பேசின. கம்பம் பள்ளத்தாக்கிலும் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்றுகூடச் சும்மா கிடக்கவில்லை. ஒன்றில் இரட்டை இலை என்றால் அடுத்ததில் உதயசூரியன். அந்தப் பருவத்தில்தான் உத்தமபாளையத்தில் ஓர் எழுத்துக்காரரிடம் பெயின்ட் டப்பா தூக்கும் பையனாகச் சேர்ந்தேன்.

சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதுவதற்குத் தோள்பட்டை போதும். சின்ன எழுத்துதான் கையைச் சோதிக்கும். கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப்புகளில் முன்னால் குலசாமி பெயர், பின்கதவில் பிள்ளைகளின் பெயர் எழுதுவோம். வளைந்த தகடு. எனாமல் பெயின்ட் காய ஒரு ராத்திரியாவது ஆகும். ஈரத்தில் மணிக்கட்டு பட்டால் அந்த வரி போய்விடும். ஆனி, ஆடி வந்துவிட்டால் மலைக் கணவாய்களில் புகுந்து இறங்கும் தென்மேற்குக் காற்று வேறு, நிற்கிற ஏணியையே உலுக்கும். இப்படிப்பட்ட இடத்தில் கையை எங்கே ஊன்றுவது?

அதற்குத்தான் குச்சி. "கடையில கெடைக்காதுடா தம்பி. வீட்டுல தேடு" என்றார் மாஸ்டர். அம்மாவின் ஒட்டடைக் கம்பிலிருந்து இரண்டரை அடி மூங்கில் வந்தது. நடுவில் அழுத்தினால் வளையாத கம்பாகப் பார்த்து வெட்டச் சொன்னார். குடைக் கம்பி வளையும், தென்னை மட்டை சிலாம்பு ஏற்றும் என்பதால் இரண்டும் வேண்டாம் என்றார். பஞ்சுக்குப் பஞ்சமில்லாத ஊர் எங்களுடையது. இலவம்பஞ்சுத் தலையணையின் தையலைக் கொஞ்சம் பிரித்து, ஒரு கைப்பிடி எடுத்து, எலுமிச்சம்பழ அளவுக்குக் கம்பின் முனையில் உருட்டி, அப்பாவின் பழைய பனியன் துணியால் இறுக்கிப் பொதிந்தோம். கழுத்தில் சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர் பட்டை. காசு ஒன்றும் செலவில்லை.

பிடிக்கும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. இடது கையில் பெயின்ட் சிரட்டை. அதே கையின் கடைசி இரண்டு விரல்களுக்குள் கம்பின் அடி. பஞ்சு முனை ஈர எழுத்தைத் தாண்டி, காய்ந்த இடத்தில் ஊன்றும். வலது மணிக்கட்டு கம்பின்மேல் சாய்ந்திருக்கும். இனி 'ண' சுழிக்கும்போது கை முழுவதும் அலையாது. விரல்களும் மணிக்கட்டும் மட்டும் அசையும். நீண்ட கோடு இழுக்க, மணிக்கட்டைக் கம்பின் மேலேயே சறுக்கிக்கொண்டு போகலாம். குச்சியை அழுத்திப் பிடிக்கிறவனுக்கு எழுத்து வராது என்பார் மாஸ்டர். பாரத்தை அது தாங்கும், எழுதுவது விரல்தான்.

1996இல் மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, 'மதுரை மாவட்டம்' என்று இருந்த பலகைகளை எல்லாம் அழித்துத் 'தேனி மாவட்டம்' என்று எழுத வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம், சொசைட்டி, கடை என்று எங்கும் வேலை. புதிய மாவட்டத்தின் பெயரை ஊர் ஊராக எழுதிய கைகளில் என் கையும் ஒன்று என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

அதன்பின் சில வருஷங்களில் பிளெக்ஸ் வந்தது. மாலையில் சொன்னால் காலையில் பேனர். கல்யாணம், காதுகுத்து, வீரபாண்டித் திருவிழா எல்லாம் அதற்குப் போயின. ஜீப்புகளுக்கு மெஷின் வெட்டிய ஸ்டிக்கர் வந்தது. எழுத்துக்காரர்கள் கட்டட பெயின்டிங்குக்கும் தோட்ட வேலைக்கும் போனார்கள்.

கை எழுத்துக்கு வேலை இருந்த காலத்தில் கடையில் கிடைக்காத குச்சி, இன்றைக்கு ஆன்லைனில் கிடைக்கிறது. அலுமினியத்தில் மூன்று துண்டாகத் திருகி மாட்டும் வகை. வாங்கலாம், எழுத்துதான் எங்கே? தங்கை மகள் டேப்லெட்டில் வரைகிறாள். "மாமா, இதுல கை நடுங்குனாலும் கோடு நேரா வரும்" என்று காட்டினாள். உண்மைதான். கோட்டின் நடுக்கத்தை அந்தச் செயலியே சமன் செய்துவிடுகிறது. அவளுக்கும் ஒரு குச்சி கட்டிக்கொடுத்தேன். முதலில் தகரத்தில் அவள் போட்ட வட்டம் கோணியது. பழகப் பழக வட்டமானது. நடுக்கத்தை மறைப்பது வேறு, நடுங்காமல் இருக்கக் கையைப் பழக்குவது வேறு. குச்சி செய்வது இரண்டாவது வேலை.

இது நம் ஊர் உபாயம் மட்டும் இல்லை. 1548இல் கத்தரினா வான் ஹெமெசன் என்ற பெண் ஓவியர் தன்னையே வரைந்த படத்தில், தூரிகை பிடித்த கை இப்படி ஒரு கம்பின்மேல்தான் இருக்கிறது. வெர்மீர் வரைந்த 'ஓவியக் கலை' படத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஓவியரும் அதே கம்பைப் பிடித்திருக்கிறார். பெரிய ஓவியர்கள் கை ஊன்ற இடம் தேடியதைக் குறைவாக நினைக்கவில்லை, படத்திலேயே காட்டினார்கள். ஓவிய ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கை ஓடவில்லை என்று வரைவதை விட்டுவிடும் பிள்ளைக்கு, பல நேரம் வேண்டியது ஒரு கம்பு மட்டுமே.

பிளெக்ஸ் மலிவு, வேகம், மறுக்கவில்லை. ஆனால் ஆடிக் காற்றில் அது கிழிந்து வாய்க்காலில் கிடக்கும், மக்காது. தகரத்தில் எனாமலால் எழுதிய பலகை வருஷக்கணக்கில் நிற்கும். மங்கினால் அதன்மேலேயே திரும்ப எழுதிக்கொள்ளலாம். நம் பக்கத்து ஊர்களில் எழுதத் தெரிந்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கடைக்கோ வண்டிக்கோ அடுத்த முறை பெயர் எழுத வேண்டி வந்தால் அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். கூடவே ஒரு சின்னப் பையனையோ பெண்ணையோ பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கை வேலை அப்படித்தான் அடுத்த கைக்குப் போகும்.