அப்டேட் சார்

மாதத்தின் இரண்டாவது செவ்வாய் முடிந்து புதன் விடிந்தால், எங்கள் அம்பத்தூர் அடுக்ககத்தில் பிளம்பரைவிட அதிகமாகத் தேடப்படும் மனிதர் ஒருவர் உண்டு. நிஜப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘அப்டேட் சார்’ என்று கேட்டால் வாட்ச்மேனே லிஃப்ட் வரை வந்து பட்டனை அழுத்தி விடுவார்.

அதென்ன புதன் கணக்கு? 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாவது செவ்வாயில்தான் வெளியிட்டு வருகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரை. அவர்களுடைய குளிர்காலத்தில் பதினொன்றரை. நாம் படுத்த பிறகு கிளம்பும் சரக்கு, மறுநாள் காலை சிஸ்டத்தைப் போட்டதும் வீட்டுக்குள் இறங்கும். சார் வீட்டு மாதக் காலண்டரில் அந்தச் செவ்வாய்களுக்கெல்லாம் சிவப்பு வட்டம். “செவ்வாயோ வெறுவாயோன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?” என்பார். பெரியவர்கள் அதை விண்டோஸுக்காகச் சொல்லவில்லை என்று அவரிடம் யாரும் வாதாடியதில்லை. வாதாடினால் அடுத்த மாதம் யார் வந்து பார்ப்பது?

சார் கம்ப்யூட்டர் படித்தவரல்லர். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு முளைத்த கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் லோட்டஸும் டிபேஸும் கற்று வாங்கிய சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். அதற்கப்புறம் கற்றதெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கணினியில். ஆயுதங்கள் நான்கு: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பெயின்ட் பிரஷ், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர், கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும் பென் டிரைவ். கட்டணம் வாங்குவதில்லை. காபி உண்டு. அது ஃபில்டரா இன்ஸ்டன்டா என்பதைப் பொறுத்து சிகிச்சையின் நீளம் கூடும், குறையும்.

மூன்றாவது மாடி டீச்சர் வீட்டுக் காட்சியைப் பார்த்தால் மற்ற வீடுகளைப் பார்க்க வேண்டியதில்லை.

“என்ன டீச்சர், என்ன பண்ணுது?”

“சுத்துது சார்.”

“பிரஷர் பாத்தீங்களா?”

“எனக்கில்ல சார், கம்ப்யூட்டருக்கு. அரை மணி நேரமா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. கரண்ட் பில்லுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். முதல் வேலை, திரையின் காலியிடத்தில் வலது பட்டனை அழுத்தி ‘ரெஃப்ரெஷ்’ கொடுப்பது. விரல் ஓயும்வரை கொடுப்பார். ஐக்கான்கள் ஒவ்வொரு தடவையும் கண்ணடித்துவிட்டு அதே இடத்தில் நிற்கும். திரையிலிருக்கும் படங்களை மறுபடி வரைவதைத் தவிர அந்த ரெஃப்ரெஷுக்கு வேறு வேலை கிடையாது. ராமில் துளி இடம்கூட அதனால் காலியாவதில்லை. ஆனால் சாருக்கு ஒரு தெம்பு வந்துவிடும். டீச்சருக்கும்தான்.

அடுத்து, விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி ‘டெம்ப்’, ‘பர்சென்ட் டெம்ப் பர்சென்ட்’, ‘ப்ரீஃபெட்ச்’ என்று மூன்றையும் வரிசை மாறாமல் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே அடித்து, உள்ளே கண்டதையெல்லாம் அழிப்பார். முதல் இரண்டும் குப்பைதான், போனால் போகட்டும். மூன்றாவது, எந்தப் புரோகிராமை எப்படிச் சீக்கிரம் திறப்பது என்று விண்டோஸ் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு. அதை அழித்தால் அடுத்த தடவை திறக்க இன்னும் நேரமாகும். இரண்டாவது மாடியில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருநாள் இதை எடுத்துச் சொன்னான். “தம்பி, படிப்பு வேற, அனுபவம் வேற” என்று அவன் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்.

அதிலும் சரியாகவில்லையென்றால் ரப்பர் வெளியே வரும். கேபினெட்டைத் திறந்து, பிரஷ்ஷால் ஃபேன் தூசியைத் தட்டி, ராமைப் பிடுங்கி, அதன் அடிவரிசையிலிருக்கும் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, துகளை ஊதி, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுவார். பற்களில் அழுக்கேறி சிஸ்டமே ஆன் ஆகாமல் பீப் பீப் என்று கத்தும் நாளில் இந்த வைத்தியம் கைகொடுக்கும். ஸ்லோவாக ஓடும் சிஸ்டத்துக்கும் அதையே செய்வதுதான் சாரின் தாராளம்.

கடைசியில்தான் டாஸ்க் மேனேஜர். டிஸ்க் பத்தி முழுக்கச் சிவந்து கிடக்கும்.

“பாத்தீங்களா டீச்சர், நூறு பர்சென்ட்! யாரு தின்றான்னு பாருங்க. டிஐவொர்க்கர், எம்எஸ்எம்பிஇஎன்ஜி, காம்பேட்டெல்ரன்னர்...”

“யாரு சார் இவங்கல்லாம்?”

“எல்லாம் அவன் அனுப்பின ஆளுங்க.”

‘அவன்’ என்றால் மென்பொருள் கம்பெனி. எந்தக் கம்பெனி என்ற பேதமெல்லாம் கிடையாது. பிரவுசர்க்காரனும் அவன்தான், பிரிண்டர்க்காரனும் அவன்தான், ஆன்டிவைரஸ் விற்றவனும் அவன்தான்.

ஆட்களை அடையாளம் காட்டியதில் சாரிடம் தவறில்லை. டிஐவொர்க்கர், இறங்கிய மூட்டையைப் பிரித்து உள்ளே அடுக்குகிறது. எம்எஸ்எம்பிஇஎன்ஜி வைரஸ் காவல். முதல் ஆள் பிரித்துப் போடுவதையெல்லாம் மடக்கிச் சோதிக்கிறது. மூன்றாவது ஆள், இந்தக் கணினி அடுத்த பதிப்பைத் தாங்குமா என்று கணக்கெடுத்துத் தலைமையகத்துக்குச் சேதி அனுப்புகிறது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை வைப்பது நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க்கின் மேல். அதன் ஊசி ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்கும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளுக்காக அங்கும் இங்கும் ஓடியே அதன் காலம் கழிகிறது. அந்தக் கியூவின் கடைசியில்தான் டீச்சரின் கரண்ட் பில் நிற்கிறது.

சார் இந்த விளக்கத்துக்குள் போவதில்லை. அவரிடம் இருப்பது ஒரு சித்தாந்தம்: பழைய மெஷினை வேண்டுமென்றே படுக்க வைத்தால்தானே புது மெஷின் விற்கும்? ஆதாரம் கேட்டால் வக்கீல் தோற்றுப் போவார். கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி, தன் அனுமதியில்லாமல் விண்டோஸ் 10 இறங்கி ஆபீஸ் கணினியைப் படுக்க வைத்துவிட்டது என்று வழக்குப் போட்டு, 2016-இல் மைக்ரோசாப்டிடம் 10,000 டாலர் வாங்கியதைச் சொல்வார். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டதைச் சொல்வார். புராசஸரில் கண்டுபிடித்த ஓட்டைகளை 2018 ஜனவரியில் அடைத்தபோது பழைய மெஷின்கள் மந்தமாகும் என்று மைக்ரோசாப்டே அறிவித்ததைச் சொல்வார். அதே ஆண்டு அக்டோபரில் வந்த அப்டேட் சிலருடைய ஃபைல்களையே விழுங்கி, வெளியீட்டைப் பாதியில் நிறுத்த நேர்ந்ததையும் விடமாட்டார். 2024 ஜூலை 19 அவருக்குத் தீபாவளி. க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரே அப்டேட்டில் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தை அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் காலை, மாலை இரு வேளையும் போட்டு, கீழே ‘நான் சொன்னேன்’ என்று எழுதினார்.

ஒரே ஒரு வழக்கு மட்டும் அவர் வாயில் வராது. 2017 மே 12-இல் கிளம்பிய வான்னாகிரை. ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி ஆனது. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14-இலேயே வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவர்கள், இரண்டு மாதமாக அந்த அடைப்பைப் போடாமல் இருந்தவர்கள். இன்ஜினியரிங் பையன் இந்தப் பேச்சை எடுக்கிற நாளிலெல்லாம் சாருக்குக் காபி ஆறிப்போய்விடும். சூடு பண்ணித் தரச் சொல்லி உள்ளே குரல் கொடுப்பார்.

எதிரி யாரென்று முடிவானபின் யுத்தம்தானே? சர்வீசஸ் பட்டியலைத் திறந்து ‘விண்டோஸ் அப்டேட்’ என்ற வரியைத் தேடி, நிறுத்தி, ‘டிசேபிள்ட்’ என்று முத்திரை குத்துவார். “இனிமே வரமாட்டான் டீச்சர்.” சில நாளில் அது தானே எழுந்து உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் 10-இல் அப்டேட் சேவையைப் பழுது பார்ப்பதற்கென்றே ‘மெடிக்’ என்று தனியாக ஒரு சேவை உண்டு. யார் முறித்துப் போட்டாலும் கட்டுப் போட்டு எழுப்பிவிடும். அதையும் நிறுத்தப் போனால் ‘உனக்கு அனுமதியில்லை’ என்று திரை சொல்லும். அடுத்த உபாயம், வீட்டு வைஃபையை ‘மீட்டர்டு’ என்று குறித்துவிடுவது. அளவு பார்த்துக் காசு கட்டும் இணைப்பு என்று நம்பி விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்களை இறக்காமல் தயங்கும். முப்பத்தைந்து நாள் வரை ‘பாஸ்’ போடும் வசதியும் உண்டு. கெடு முடிந்ததும் பாக்கியையெல்லாம் வாங்கிக்கொண்டுதான் மறுபடி பாஸ் கிடைக்கும். முப்பத்தாறாவது நாள் டீச்சர் மறுபடி போன் செய்வார். சார் மறுபடி கிளம்புவார்.

இதில் வேடிக்கை, டீச்சர் வீட்டு நோய்க்குக் காரணம் அப்டேட் வருவதல்ல. அது வரும் நேரம்தான். கரண்ட் பில், பேரனோடு வீடியோ கால் என்று மாதத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் அந்தக் கணினிக்கு உயிர் வரும். வேலை முடிந்ததும் ஷட்டௌன். இடி மின்னலுக்குப் பயந்து சுவரிலிருக்கும் ஸ்விட்சும் ஆஃப். எப்போதோ ஒருநாள் கதவு திறக்கும் வீட்டின் வாசலில் பால்காரர், பேப்பர்காரர், கேபிள்காரர், மெயின்டனன்ஸ் வசூல் எல்லாரும் ஒரே நேரத்தில் கூடிவிடுவதுபோல, கணினி எழுந்த நிமிடத்தில் விண்டோஸ், பிரவுசர், ஆன்டிவைரஸ், பிரிண்டர் எல்லாம் ஒன்றாகப் பாக்கி கேட்கின்றன. பாதி வாங்கி முடிப்பதற்குள் டீச்சர் ஸ்விட்சை அணைத்துவிடுவார். மிச்சம் அடுத்த தடவைக்கு.

மருந்து எளிது. வாரத்தில் ஒரு ராத்திரி, யூபிஎஸ் துணையோடு, வேறெதையும் திறக்காமல் கணினியை ஓடவிட்டால் பாக்கியெல்லாம் தீர்ந்து காலையில் சமத்தாக இருக்கும். ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ குறித்து வைத்தால் நாம் வேலை செய்யும் நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பக்கத்தில், ஆன் செய்ததும் கூடவே எழும் வேண்டாத கூட்டத்தைத் தூங்க வைக்கலாம். அதற்கும் மேலே ஒன்று: ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, நாலு ஜிபி ராமை எட்டாக்கினால், ஓடுவதற்கு ஊசியே இல்லாத அந்தச் சில்லில் பத்து வருஷத்து மெஷினும் மளமளவென்று திறக்கும்.

சாருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். முதல் மாடி ஆடிட்டருக்கு அவர்தான் எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. லிஃப்டில் பார்த்தால் ஆடிட்டர் “நல்லா போகுது சார்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறார். நோய் தீர்ந்த வீட்டில் காபி கிடையாது என்பதை அங்கே கற்ற சார், அன்றிலிருந்து எஸ்எஸ்டி பேச்சைக் கடைசி மருந்தாக ஒதுக்கி வைத்திருக்கிறார். “பாப்போம் டீச்சர், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.”

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு 2025 அக்டோபர் 14-இல் சோதனை வந்தது. 2015 ஜூலையில் பிறந்த விண்டோஸ் 10-க்கு அன்றோடு இலவச அப்டேட் நிறுத்தம். விண்டோஸ் 11-க்குத் தாவலாமென்றால் டிபிஎம் 2.0 வேண்டும், புராசஸரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். சாருடைய மெஷினுக்கு இரண்டும் இல்லை. பத்து வருஷம் எந்த அப்டேட் வரக்கூடாதென்று மல்லுக்கட்டினாரோ, அது நிஜமாகவே வராது என்றதும் சார் வெற்றி விழா கொண்டாடியிருக்க வேண்டும். கொண்டாடவில்லை. “கைவிட்டுட்டான் பாருங்க” என்று மாடி மாடியாக ஏறிச் சொன்னார். “ஓட்டை விழுந்தா இனிமே யாரு அடைப்பா?” வான்னாகிரை பற்றி அவரே வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற வழியிருக்கிறது, பதிவு செய்துகொண்டால் போதும் என்று கண்டுபிடித்துச் சொன்னதும் இன்ஜினியரிங் பையன்தான். சார் அன்று மாலையே உட்கார்ந்துவிட்டார். அதில் ஒரு நிபந்தனை: விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும், அதுவரை வந்த அப்டேட்களையும் போட்டு முடித்திருக்க வேண்டும். அடுக்ககத்திலேயே அதிகமாக அப்டேட் பாக்கி வைத்திருந்த கணினி எது என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாள் காலை டீச்சர் போன் செய்தார். “சார், மறுபடியும் சுத்துது. கொஞ்சம் வர்றீங்களா?”

“இப்ப முடியாது டீச்சர். ராத்திரியிலேர்ந்து இங்க அப்டேட் ஓடிட்டிருக்கு, முப்பது பர்சென்ட்லயே நிக்குது. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்.”

“ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு வாங்களேன் சார். நீங்கதான எப்பவும் சொல்லுவீங்க.”

“ஐயோ, ஆஃப் பண்ணக்கூடாதுன்னு போட்டிருக்கான் டீச்சர். அவன் சொன்னா கேக்க வேணாமா?”