எது ஓடிச்சோ அதைப் போடு

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறு வீட்டில் மகன், "அப்பா, கேம்ல நேத்து வரைக்கும் 90 ஃப்ரேம் வந்துச்சு, இன்னிக்கு 35-ஐத் தாண்ட மாட்டேங்குது, டிரைவர் அப்டேட் மட்டும்தான் பண்ணேன்" என்றதும், 2000-ம் வருஷக் கோடையும், மயிலாப்பூர் மாடி அறையும், டேபிள் ஃபேன் காற்றில் படபடத்த என் நோட்டுப் புத்தகமும் ஞாபகத்துக்கு வந்தன. அந்தக் காலத்தில் உங்கள் வீட்டிலும் கணினி இருந்திருந்தால், இதே வாக்கியத்தை நீங்களும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள்.

அப்போது இணையம் தி.நகர் நண்பன் வீட்டில்தான். 56கே மோடமில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 5 எம்பி டிரைவர் இறங்க ஒரு சாயங்காலம் போய்விடும்; அதை 1.44 எம்பி ஃப்ளாப்பி நான்கில் பிரித்து, சட்டைப் பையில் வைத்து, சைக்கிளில் மயிலாப்பூர் வந்து சேர்ந்தால் மூன்றாவது ஃப்ளாப்பி மட்டும் படிக்காது, மறுபடி தி.நகர், மறுபடி அவன் அம்மா கையால் ஒரு டம்ளர் மோர். அலுப்பாக இருந்ததா என்று இப்போது கேட்டால், அந்த மோருக்காகவே இன்னொரு ஃப்ளாப்பி கெட்டுப் போயிருக்கலாம் என்றுதான் சொல்வேன்.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட புது டிரைவரில் குவேக் 3 விளையாட்டு திணறியது. வேகம் அளக்கும் அதன் டைம்டெமோவை ஓட்டிப் பார்த்தால், நோட்டில் 48 என்று எழுதியிருந்த இடத்தில் 31. மறுநாள் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, கணினிக் கடைகள் உள்ள ரிச்சி தெருவுக்கு நடந்தேன். கடைக்கார அண்ணன் எதையும் விற்கப் பார்க்கவில்லை. எஃப்8 அழுத்தி, 16 நிறம் மட்டும் தெரியும் சேஃப் மோடுக்குள் போய், புது டிரைவரை அடியோடு நீக்கிவிட்டு, கார்டோடு வந்த சிடியையே திரும்பப் போட்டார். 48. "எது ஓடிச்சோ அதைப் போடு தம்பி" என்றார். காசு வேண்டாமென்று டீ மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சிடிக்கு இன்று வேலை இல்லை. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே பழைய டிரைவருக்குத் திரும்ப ஒரு பொத்தான் வைத்துவிட்டார்கள். ஆனால் புதியது சறுக்குவது மட்டும் நிற்கவில்லை. 2010 மார்ச்சில் என்விடியா தன் 196.75 டிரைவரையே திரும்பப் பெற்றது. கார்டின் விசிறியைச் சரியாகச் சுழல விடாமல் அது சூடேற்றுகிறது என்று புகார் வந்திருந்தது.

ஆனாலும் பழையதற்குத் திரும்ப அவசரப்படாதே என்று மகனிடம் சொன்னேன். டிரைவர் மாறினால், பழையதற்காகச் சேமித்து வைத்த ஷேடர் கேஷ் செல்லாமல் போய், விளையாட்டு அதைப் புதிதாகத் தயாரிக்கும். முதல் சில நிமிடம் திக்கித்தான் ஓடும். பொறுத்துப் பார்த்தோம், தேறவில்லை. அவன் லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் உண்டு, விளையாட்டு சிறியதற்கு மாறிவிட்டதா என்று பார்த்தோம், இல்லை. டிவைஸ் மேனேஜரில் ரோல்பேக் அழுத்தி, ரீஸ்டார்ட் செய்தோம். 90. அதுவும் கைகொடுக்காவிட்டால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு துடைத்து, பழையதைப் போட வேண்டும். இணையம் இருந்தால் விண்டோஸ் தானாகவே ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிடும். இப்படித் துடைத்துவிட்டுப் பழையதைப் போடுவது, ரிச்சி தெரு அண்ணன் அன்று செய்த அதே வேலைதான்.

எல்லாம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மகனின் நண்பனுக்கும் அதே தொல்லையாம். அவன் இருப்பதும் தி.நகர்தான். போனிலேயே சொல்லிக் கொடுத்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்கள். "அவனை லேப்டாப்பைத் தூக்கிட்டு இங்க வரச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "எதுக்குப்பா?" என்றான்.

ஃப்ரிட்ஜில் மோர் இருந்தது.